பலகைமேல் நின்றவர்

முத்தியால்பேட்டை ஜவுளிக்கடை ஒன்றில் அவரைப் பார்த்தேன். நாற்பதைத் தாண்டிய வயது, காதோரம் நரை. கவுண்டருக்குப் பின்னால் உயரமான பலகை போட்டு, அதன்மேல் நின்றுதான் புடவை காட்டினார். அதனால் என் உயரமே இருப்பவராகத் தெரிந்தார். என் அத்தை அவரை "மேனேஜர் சார்" என்றே கூப்பிட்டாள்.

வேறு புடவை எடுக்க அவர் பலகையிலிருந்து இறங்கி, கவுண்டருக்கு வெளியே வந்தார். என் மார்பளவுகூட இல்லை. மடியிலிருந்த புடவையிலிருந்து தலை நிமிராமலே அத்தை, "தம்பி, குடிக்கத் தண்ணி கொண்டாப்பா" என்றாள். நான் வாய் திறக்கப் போனேன். அவர் வேண்டாமென்று தலையசைத்து, பேசாமல் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். திரும்பப் பலகையில் ஏறினார்.

"மேனேஜர் சார், இதுல மாம்பழக் கலர் இருக்கா?"

"இருக்கும்மா."

அத்தை கண்ணாடிப் பக்கம் போனதும், "நீங்க மேனேஜர் இல்லையா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"எனக்கப்புறம் வந்தவங்கல்லாம் ஆயிட்டாங்க சார். மேனேஜர்னா வாசல்ல நின்னு வரவேற்கணும், எடுப்பா இருக்கணும்னு சொல்றாரு முதலாளி. வாசல்ல பலகை போட முடியாதுல்ல?" சிரித்துக்கொண்டே புடவையை மடித்தார்.

அத்தை இன்றும் அந்தக் கடையைப் பற்றிச் சொல்வாள்: "அந்த மேனேஜர் எவ்ளோ தன்மையா பேசுனாரு! தண்ணி குடுத்த பையன்தான் ஒரு வார்த்த பேசல."