தாய்மாமன் சீராக ஒரு கார்

என் தங்கையையும் அவள் குழந்தையையும் மூன்று வருடம் பட்டியின் மேல் உட்கார வைத்தேன். தெரிந்தேதான் செய்தேன்.

பட்டி என்பது காருக்குப் பெயின்ட் அடிக்கும் முன் பள்ளம் மேடு தெரியாமலிருக்கத் தடவுகிற பசை. காய்ந்தால் கல் மாதிரி இருக்கும், தேய்த்தால் வழவழப்பாகும், பாரம் வந்தால் விரிசல் விடும். பாலிடெக்னிக்கில் நான் நடத்திய பாடத்துக்குப் பெயரே பொருட்களின் வலிமை. எது எவ்வளவு தாங்கும் என்று கரும்பலகையில் போட்டுக் காட்டுவதுதான் என் பிழைப்பு.

திருவண்ணாமலை தனி மாவட்டமான புதிதில் ஒரு பழைய கார் என் கைக்கு வந்தது. யாருடைய கொட்டகையிலோ வெகுகாலம் மழைச்சாரலில் நின்ற வண்டி. இன்ஜின் நன்றாக இருந்தது. அடித்தகடு அப்பளம். வீட்டிலேயே வெல்டிங் வைத்து அதைக் காப்பாற்றிவிடலாம் என்று தோன்றியது. செங்கம் ரோட்டுப் பக்கம் இருந்த எங்கள் வீட்டுப் பின்புறத்தில் தகரம் போட்டு நிழல் செய்து, வெல்டிங் மெஷினை வாடகைக்கு எடுத்து வந்தேன். பக்கத்து வீட்டு மாடியில் மௌனம் பழக வந்திருந்த வெள்ளைக்காரர் முதல் நாள் எட்டிப் பார்த்தார். இரண்டாம் நாள் அறையைக் காலி செய்தார்.

முன்பாதி சொல்லிக்கொள்ளும்படியாகவே வந்தது. வண்டி வளையாமலிருக்கக் கதவு இடைவெளிகளில் இரும்புக் குழாய்களை முட்டுக்கொடுத்துவிட்டுத்தான் துருவை வெட்டினேன். புதுத் தகடு வைத்தேன். கதவுகளுக்குக் கீழே நீளவாட்டில் இரும்பு ஆங்கிள் கொடுத்தேன். அந்த அளவுக்கு யோக்கியமாக இருந்த ஆள்தான்.

அந்தச் சமயத்தில் தங்கை மகனுக்குக் காதுகுத்து வந்தது. தங்கையைக் கீழ்பென்னாத்தூரில் ஒரு விவசாயக் குடும்பத்தில் கொடுத்திருந்தோம். தாய்மாமன் சீர் என்ன செய்யப் போகிறாய் என்று உறவில் ஒருவர் பலர் முன்னிலையில் கேட்டார். "கார்" என்று சொல்லிவிட்டேன். சபை ஒரு நிமிடம் வாயடைத்துப் போனது. எனக்கு அது பிடித்திருந்தது.

"காரா? பின்னாடி உக்காந்தா மண்ணு தெரியுதே," என்றாள் என் மனைவி.

"அதைத்தான் அடைக்கப் போறேன்."

"மண்ணையா?"

காதுகுத்து பௌர்ணமிக்கு மறுநாள் காலை. பின்சீட்டுக்கு அடியில் குறுக்குச் சட்டம் வைக்கிற வேலை மட்டும் பாக்கி. அதற்கு எனக்கு மிஞ்சியது பௌர்ணமி தினம். எங்கள் ஊரில் பௌர்ணமியன்று வெல்டிங் வைக்க எவனும் நினைக்க மாட்டான். கிரிவலக் கூட்டத்தில் லாட்ஜெல்லாம் நிரம்பி, மோட்டாரெல்லாம் ஓடி, மலையைச் சுற்றிலும் விளக்குப் போட்டு, வீட்டு மின்விசிறியின் இறக்கையை எண்ணிவிடலாம் என்கிற அளவுக்கு வோல்டேஜ் இறங்கிவிடும். வெல்டிங் ராடு தகட்டில் பட்டதும் பொறி பறக்காமல் ஒட்டிக்கொண்டது. பிடுங்கினேன். மறுபடி ஒட்டியது. உருகிய இடத்திலும் இரும்பு உள்ளே இறங்கவில்லை, காக்கை எச்சம் போல மேலே உட்கார்ந்தது. சாயங்காலம் வரை போராடி அங்கங்கே பொட்டு வைக்க மட்டும்தான் முடிந்தது. பொட்டுக்கும் பொட்டுக்கும் நடுவே பட்டியை அப்பினேன். கருப்புப் பெயின்ட் அடித்தேன். மேலே விரிப்புப் போட்டேன். முன்பாதியைவிட அழகாக இருந்தது.

மறுநாள் பம்பை முழங்க, பழத்தட்டுகளுக்குப் பின்னால் கார் ஊர்ந்து போனது. தங்கை கணவர் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"அடியெல்லாம் எப்படி மச்சான்?"

"இரும்பு மாப்ள. நானே வச்சது. உங்க பேரன் வரைக்கும் வரும்."

இப்படி ஒரு தாய்மாமன் யாருக்கு வாய்ப்பான் என்று ஒரு பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் கண்ணும் கலங்கியிருந்தது. முந்தின நாள் கருப்புக் கண்ணாடி இல்லாமல் சில பொட்டு வைத்ததன் விளைவு அது.

அதற்குப் பிறகு பௌர்ணமிதோறும் அவர்கள் காரில் வந்துவிடுவார்கள். அப்போது பகலில் இவ்வளவு கூட்டம் கிடையாது. குழந்தை இருப்பதால் மத்தியானமே காரில் மலையைச் சுற்றுவார்கள். பின்சீட்டில் தங்கை, மடியில் பிள்ளை. "நீயும் ஏறுண்ணா" என்று கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கூப்பிடுவாள். நடந்தே சுற்றுவதாக வேண்டுதல் என்று சொன்னேன். சொன்னதால் நடக்க வேண்டியதாயிற்று. மாதாமாதம், செருப்பில்லாமல், கொதிக்கிற தாரில். என் மனைவியையும் கூடவே நடக்க வைத்தேன். அவளைக் காப்பாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. தங்கையைப் பற்றி அப்படித் தோன்றவில்லை.

"கார் குடுத்த மகராசன் பொண்டாட்டி வெயில்ல போறா, எல்லாரும் பாத்துக்கோங்க," என்பாள் அவள், வழியெல்லாம்.

கல்லூரியில் எனக்குப் பக்திமான் என்று பெயர் வந்தது. முதல்வரே ஒருநாள் திருநீறு கேட்டு வாங்கிப் பூசிக்கொண்டார்.

அவர்கள் சாப்பிட உட்காரும்போது நான் டார்ச்சோடு காருக்கு அடியில் படுத்துப் பார்ப்பேன். முதல் வருடம் மயிரிழை அளவு விரிசல். அடுத்த வருடம் நகம் நுழைந்தது. சத்தம் போடாமல் சரி செய்துவிடலாமென்றால், வண்டி என் வீட்டுக்கு வருவதே வோல்டேஜ் இல்லாத நாளில்தான். நாலு நாள் விட்டுவிட்டுப் போங்கள் என்று கேட்கவும் முடியாது. கொடுத்த சீரைத் திரும்ப வாங்கினான் என்று ஊர் சொல்லும். ஊர் என்ன சொல்லும் என்பதை மட்டும் நான் ஒழுங்காகக் கணக்குப் போட்டேன்.

தங்கை இரண்டாவதாக உண்டானாள். இரண்டாவதுக்கும் வளைகாப்பு செய்வது அவர்கள் வழக்கம். ஏழாம் மாதம் அவர்கள் வீட்டில் வளைகாப்பு, முடிந்ததும் காரிலேயே எங்கள் வீட்டுக்கு அழைத்து வருவதாக ஏற்பாடு. ஐப்பசி மழை பெய்து ரோடெல்லாம் குழியாகக் கிடந்தது. அந்த மாதப் பௌர்ணமிக்குப் பார்த்தபோது விரிசலில் என் சுண்டுவிரல் போயிற்று. மறுநாள் பஸ் ஏறிக் கீழ்பென்னாத்தூர் போனேன்.

"பின்சீட்டுக்கு அடியில இருக்கறது பட்டி, மாப்ள. இரும்பு இல்ல."

அவர் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு போனார். விரிப்பைத் தூக்கிக் குத்தினார். அது சுலபமாக இறங்கியது. இழுத்தார், ஒரு பாளம் பெயர்ந்து விழுந்தது.

"கோழி மேயறது தெரியுது மச்சான்," என்றார்.

தங்கை வாசல்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இறங்கி வந்து அந்த ஓட்டையைப் பார்த்தாள்.

"புள்ளைய மடியில வச்சிக்கினு அது மேலதானேண்ணா உக்காந்திருந்தேன். நீ நடந்தியே, அது வேண்டுதல் இல்லியா?"

இல்லை என்றேன்.

"அண்ணியும் நடந்தாங்க."

நான் மாப்பிள்ளையிடம் கார் சாவியைக் கேட்டு வாங்கினேன்.

பின்னால் யாரையும் ஏற்றாமல் மெல்ல ஓட்டி வந்தேன். கல்லூரிக்கு லீவு போட்டேன். வோல்டேஜை நம்பாமல் ஜெனரேட்டர் வைத்தேன். பட்டியை முழுக்கச் சுரண்டி, பொட்டுகளை அறுத்தெறிந்து, நல்ல தகடு தெரிகிற வரை வெட்டினேன். புதுக் குறுக்குச் சட்டம் வைத்து, ஒரு விரற்கடைகூட இடைவெளி விடாமல் வெல்டிங் வைத்தேன். பட்டி தடவவில்லை. வெல்டிங் தழும்புகள் தெரியட்டும் என்று விட்டுவிட்டேன்.

வளைகாப்பு முடிந்ததும், எல்லோர் முன்னாலும் நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காரின் பின்பக்கம் ஏறி, கூரை இடிக்காமல் குனிந்து, ஓங்கி ஓங்கி மிதித்துக் காட்டினேன். சின்னப் பிள்ளைகள் கைதட்டினார்கள்.

"இப்ப நீ தைரியமா ஏறலாம்மா."

"சரிண்ணா," என்றாள் தங்கை. இரண்டு கையிலும் வளையல் குலுங்க நடந்து போய், திருவண்ணாமலை பஸ்சில் ஏறிக்கொண்டாள். கட்டுச்சோற்றுத் தூக்குவாளியோடு பெண்களும் அவள் பின்னால் போனார்கள். அந்தக் குழி ரோட்டில் பஸ் தூக்கித் தூக்கிப் போட்டது. பின்னாலேயே நான் காலிக் காரை ஓட்டிக்கொண்டு வந்தேன். காரில் ஒரு சத்தமும் வரவில்லை.

எங்கள் வீட்டில்தான் பிரசவமானது. அண்ணி கையால் சாப்பிட்டாள், அண்ணியோடு பேசினாள். குழந்தையை என் கையில் கொடுக்கும்போது மட்டும் என்னிடம் இரண்டு வார்த்தை: "கெட்டியா புடி."

பிறகு பேச்சு பழையபடி ஆனது. அந்தக் காரில் மட்டும் அவள் ஏறவில்லை. மாப்பிள்ளை பின்சீட்டைக் கழற்றிவிட்டு வேர்க்கடலை மூட்டை ஏற்ற ஆரம்பித்தார். இரண்டாயிரம் பிறந்து பல வருடம் வரை ஓடியது. சட்டம் இம்மியும் இறங்கவில்லை. ஓய்வு பெற்ற பின் ஒருமுறை கடலை ஏலம் போகும் மார்க்கெட் கமிட்டிக்கு நானும் அதில் போனேன், பின்னால், மூட்டைகளுக்கு நடுவே, என் வெல்டிங்கின் மேல் சம்மணம் போட்டு.

தானும் கிளம்பியிருந்த தங்கை வந்து குனிந்து பார்த்தாள்.

"பாத்து உக்காருண்ணா. கடலை நசுங்கிடப் போவுது."

கதவைச் சாத்திவிட்டு, அவள் பஸ்சுக்குப் போனாள்.