மீதி இருந்த ஒரு சிறுநீரகம்

எனக்கு ஒரு சிறுநீரகம்தான் இருக்கிறது. இன்னொன்று கல் அடைத்துக் கெட்டுப்போய், பல வருடங்களுக்கு முன்பே எடுத்துவிட்டார்கள். போன ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறந்த வாரத்தில், இருந்த ஒன்றிலும் கட்டி என்று ஸ்கேனில் வந்தது. புற்றுநோய். அதையும் எடுத்தால் சாகும்வரை டயாலிசிஸ். மந்தைவெளியில் இட்லிக் கடை போட்டுப் பிழைக்கிறவளுக்கு அது நடக்கிற காரியமா? வாரம் தவறாமல் ஜெபக் கூட்டத்துக்குப் போனதற்கு இதுதான் கூலியா என்று ஆண்டவரிடம் கத்தினேன்.

ரோபோ வைத்து ஆபரேஷன் செய்தால் கட்டியை மட்டும் எடுக்க முயலலாம் என்றார் அரசு ஆஸ்பத்திரி டாக்டர். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் எல்லோரும் எனக்காக மண்டியிட்டார்கள். பாஸ்டர் வழக்கம்போல, "டாக்டருடைய கைகளை ஆசீர்வதியும்" என்று தொடங்கினார். எனக்குப் பொறுக்கவில்லை.

"இன்னா பாஸ்டர், அவரு என்மேல கையே வைக்க மாட்டாராம். மெஷின்தான் அறுக்குமாம். எந்தக் கைக்கு ஜெபம் பண்றீங்க?"

பக்கத்தில் இருந்த மேரி, "அப்ப கரண்டு போவாம இருக்க ஜெபிப்போம்க்கா" என்றாள். சிலர் சிரித்தார்கள். நான் எழுந்து வந்துவிட்டேன்.

கை இருக்க மெஷின் எதற்கு என்று மறுநாள் டாக்டரிடமே கேட்டேன். அவர் கோபப்படவில்லை.

"முதல் கிட்னியை எடுக்கறப்ப உங்க விலாவுலேர்ந்து வயிறு வரைக்கும் கிழிச்சாங்களே, எதுக்கு? கை உள்ள போக இடம் வேணும்னுதான். அதுக்கப்புறம் வந்த முறையில, சின்ன ஓட்டை போட்டு நீளக் கம்பி விட்டு ஆபரேஷன் பண்ணோம். அது மணிக்கட்டு மாதிரி மடங்காது. இந்த ரோபோவோட கை மடங்கும்மா. ஆனா தானா ஒண்ணும் செய்யாது. ஓரத்துல உக்காந்து நான் விரலை அசைச்சாதான் அசையும். கிட்னி தப்பிச்சிடும்னு மட்டும் வாக்கு தர முடியாது."

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு ஆண்டவரிடம் கேட்டேன். "கையோ கம்பியோ, எதையாவது பிடிச்சுக்கோ. இந்த ஒண்ணை எனக்கு விட்டு வை." வேறு வார்த்தை வரவில்லை. அழுதேன்.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. நர்ஸிடம், "கிட்னி கீதா, இல்லியா?" என்றேன்.

"கீதுக்கா. மூத்திரப் பையைப் பாரு, ரொம்பிக்கினே கீது. கேள்வி கேக்காம தூங்கு."

அந்தப் பையைப் பார்த்தபடியே ஸ்தோத்திரம் சொன்னேன். கட்டி மட்டும்தான் போயிருந்தது.

இன்றுவரை பரிசோதனைகள் நன்றாக இருக்கின்றன. என் கோபம் குறைந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இப்போது ஜெபத்திலிருந்து எழுந்து போவதில்லை. உட்கார்ந்தே சண்டை போடுகிறேன். ஆபரேஷனுக்குப் பயந்து கிடப்பவர்களுக்குத் துணையாக ஆஸ்பத்திரிக்குப் போகிறேன்.

அழகாக ஜெபிக்கத் தெரியவில்லையா? பரவாயில்லை. நான் அதட்டித்தான் கேட்டேன், அவர் கொடுத்தார். நீங்களும் கேளுங்கள். ஆனால் ஸ்கேன் எடுக்கப் போகாமல் வீட்டில் உட்கார்ந்துகொண்டு கேட்காதீர்கள்.