பூட்டிய வீட்டுப் பிள்ளை

எட்டு வயதுவரை நான் ஓடியதே இல்லை. நடப்பேன். முன்னறையிலிருந்து அடுப்படிக்கு, அடுப்படியிலிருந்து பின்கட்டுக்கு. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து வீட்டுப் பெரியம்மா கையைப் பிடித்துக் கூட்டிப்போய், அதே கையைப் பிடித்துக் கூட்டி வருவாள். ஓடுவதற்கு அதில் எங்கேயும் இடமிருக்கவில்லை. அதை ஒரு குறை என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் நானே சிரித்திருப்பேன்.

எங்கள் ஊர் வன்னியம்பட்டிப் பக்கம். அம்மாவுக்கு ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் வேலை. விடிவதற்குள் மில் வண்டி வந்து முக்குரோட்டில் ஹாரன் அடிக்கும், இருட்டித்தான் திரும்பக் கொண்டுவந்து விடும். அப்பா ஆலங்குளம் சிமெண்ட் ஆலையில் இருந்தார். கூட வேலை பார்ப்பவர்களோடு அங்கேயே அறை எடுத்துத் தங்கிக்கொண்டு, வார விடுமுறைக்கு மட்டும் வருவார். நேரே வீட்டுக்கு வராமல், பால்கோவா வாங்குவதற்காகவே திருவில்லிபுத்தூர் போய்விட்டு வருவார். வாரமெல்லாம் முகம் காட்டாத மனிதர் வெறுங்கையோடு எப்படி வருவது என்று நினைத்திருப்பார். பொட்டலத்தை என் மடியில் வைத்துவிட்டு, நான் தின்று முடிக்கிறவரை எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். எங்களுக்குள் பேச்சு அதிகம் கிடையாது. பொட்டலம் காலியானால் இரண்டு பேருக்கும் ஒரு திருப்தி.

அம்மா வேலைக்குப் போகும்போது என்னை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போவாள். சாவி பக்கத்து வீட்டுப் பெரியம்மாவிடம் இருக்கும். பள்ளி நாட்களில் காலையில் பெரியம்மா வருகிறவரையும் சாயங்காலமும் மட்டும் பூட்டு. விடுமுறை நாட்களில் பகல் முழுக்க. எனக்கு அழுகை வந்துவிடக் கூடாது என்று கைக்கெட்டும் இடத்தில் எல்லாவற்றையும் வைத்திருப்பாள். தகர டப்பாவில் சேவு, இன்னொன்றில் பொரிகடலை உருண்டை, தூக்குவாளியில் தயிர்ச்சோறு, மேலே மூடிய தட்டில் அவித்த முட்டை. திரும்பி வந்ததும் சேலையைக்கூட மாற்றாமல் டப்பாக்களைத்தான் திறந்து பார்ப்பாள். காலியாக இருந்தால் அன்றைக்கு அவள் முகம் மலர்ந்திருக்கும். மீதி இருந்தால் என் கழுத்தில் கைவைத்துக் காய்ச்சலா என்று பார்ப்பாள்.

தெருவில் எனக்கு நல்ல பெயர். பால் டப்பாவில் ஒட்டியிருக்கும் குழந்தை மாதிரி இருக்கிறேன் என்று பெண்கள் கன்னத்தைக் கிள்ளுவார்கள். அவர்கள் போனதும் அம்மா உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போடுவாள். பள்ளியில் கதை வேறு. பையன்கள் என்னைப் பூசணி என்றார்கள். விளையாட்டு நேரத்தில் வாத்தியார் என்னை மட்டும் வேப்பமரத்தடியில் உட்காரவைத்து, எல்லோருடைய பைகளையும் பார்த்துக்கொள்ளச் சொல்லுவார். அதை ஒரு பதவி என்றே நான் நினைத்திருந்தேன்.

ஒருமுறை காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரிக்குப் போனபோது, அங்கிருந்த நர்ஸம்மா என்னைத் தூக்க முயன்று இறக்கி வைத்துவிட்டு, “பிள்ளைக்குத் தீனியைக் கொஞ்சம் கொறைங்கம்மா. வெளிய விட்டு ஓடியாட விடுங்க” என்றாள். அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கிளம்பினாள். வெளியே வந்ததும், அந்தம்மா பிள்ளை பெற்றிருக்க மாட்டாள் என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொன்னாள். பஸ் ஸ்டாண்டில் எனக்கு அல்வா வாங்கித் தந்தாள்.

எனக்கு முன்னால் ஓர் அண்ணன் இருந்தான். நான் கைக்குழந்தையாக இருந்தபோது, ஊருக்குக் கிழக்கே இருக்கும் தோட்டத்துக் கிணற்றில் விழுந்து போய்விட்டான். இது எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று தெரியாது. வீட்டில் அவனைப் பற்றி யாரும் பேசியதில்லை. அவனுக்கும் எங்கள் வீட்டு வாசல் பூட்டுக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. பூட்டு திருடனுக்காக என்றுதான் நினைத்திருந்தேன்.

அந்த வருஷம் கோடை விடுமுறைக்கு அத்தை மகள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். திருவில்லிபுத்தூரில் மடவார் வளாகத்துப் பிள்ளை. என்னைவிட ஒரு வயது மூத்தவள், என்னில் பாதிகூட இருக்க மாட்டாள். ஓர் இடத்தில் உட்கார மாட்டாள். எனக்குத் துணையாச்சு என்று அம்மா சந்தோஷப்பட்டாள். துணைக்கும் சேர்த்து டப்பாக்களை நிரப்பிவிட்டு, எங்கள் இரண்டு பேரையும் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போனாள்.

அத்தை மகள் கதவை இழுத்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“தெனமும் இப்படித்தான் பூட்டுவாகளா?”

“ஆமா.”

“நீ என்ன செய்வ?”

நான் சேவு டப்பாவை அவள் பக்கம் நகர்த்தினேன்.

முதல் சில நாட்கள் அவளும் தின்றாள். தாயம் ஆடினாள், தூங்கினாள், சுவரில் கரியால் படம் போட்டுத் திட்டு வாங்கினாள். அதற்கு மேல் அவளால் முடியவில்லை. ஒருநாள் மத்தியானம், பெரியம்மா வீட்டில் குறட்டைச் சத்தம் கேட்டதும், பின்கட்டில் துவைகல்லின்மேல் ஏறி நின்றுகொண்டு, “வாரியா, நான் போகட்டா?” என்றாள்.

சுவர் அவள் இடுப்புக்கு இருந்தது. ஒரே தாவலில் அந்தப் பக்கம் போய்விட்டாள். நான் துவைகல்லில் ஏறுவதற்கே மூச்சு வாங்கியது. வயிற்றைச் சுவரில் வைத்து எக்கினேன். பாதி உடம்பு வெளியேயும் பாதி உள்ளேயுமாக மாட்டிக்கொண்டேன். அவள் என் இரண்டு கைகளையும் பிடித்து இழுத்தாள். பாவாடை கிழிந்து, முழங்கை சிராய்ந்து, அந்தப் பக்கம் கிடந்த வைக்கோலில் பொத்தென்று விழுந்தேன். வலித்தது. ஆனால் எழுந்து நின்றபோது முன்னால் சுவர் இல்லை.

கண்மாய் வற்றிக் கிடந்தது. ஊர்ப் பிள்ளைகள் அங்கே கட்டம் போட்டுக் கிளித்தட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் ஒருவன் பூசணி என்று கத்தினான். அத்தை மகள் அவனை ஒரு முறை முறைத்துவிட்டு, எங்களைச் சேர்த்துக்கொண்டால்தான் ஆயிற்று என்று கட்டத்தின் நடுவில் போய் நின்றுகொண்டாள். என்னை ஒரு கோட்டில் காவலுக்கு நிறுத்தினார்கள். நான் கையை விரித்ததும் பாதிக் கோடு அடைபட்டது. பூசணி என்று கத்தியவன் இந்தப் பக்கம் பாய்ந்தான், அந்தப் பக்கம் பாய்ந்தான். எந்தப் பக்கம் வந்தாலும் அங்கே நான் இருந்தேன். அவன் முதுகில் என் கை பட்டதும் எங்கள் பக்கத்தார் ஆரவாரம் செய்தார்கள்.

அடுத்த ஆட்டத்தில் நான் கோடு தாண்ட வேண்டும். தாண்டுவதற்கு ஓட வேண்டும். ஓடினேன். தொடைகள் உரசி எரிந்தன. நெஞ்சு வாய்க்கு வந்துவிடும் போலிருந்தது. விழுந்தேன், எழுந்தேன், மறுபடி ஓடினேன். யாரும் என்னைப் பைகளுக்குக் காவல் இருக்கச் சொல்லவில்லை. வெயில் சாய்ந்ததுகூடத் தெரியவில்லை. அன்றைய நாளைப்போல ஒரு நாள் என் சிறுவயதில் வேறு இல்லை.

திரும்பும்போது தோட்டத்துப் பக்கம் கூட்டமாக இருந்தது. கிணற்றைச் சுற்றி ஊரே நின்றது. வாளி விழுந்தால் எடுக்கும் பாதாளக்கரண்டியைக் கயிற்றில் கட்டி உள்ளே இறக்கித் துழாவிக்கொண்டிருந்தார்கள். தண்ணீருக்குள்ளிருந்து ஒருவர் தலையைத் தூக்கி, கையில் அள்ளிய சேற்றைக் காட்டி, இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு மறுபடி முங்கினார். அத்தை மகள் மோட்டார் ரூம் அருகிலேயே நின்றுவிட்டாள். எனக்கு அன்று இருந்த தைரியத்தில் கூட்டத்துக்குள் நுழைந்துகொண்டு, முன்னால் நின்ற பெண்ணின் சேலையை இழுத்துக் கேட்டேன்.

“என்ன விழுந்துட்டு?”

“ஒரு பொம்பளப்பிள்ளை விழுந்துட்டு தாயி” என்றாள் அவள், திரும்பாமலே.

எனக்கு உண்மையிலேயே பாவமாக இருந்தது. “யார் வீட்டுப் பிள்ளை?” என்றேன்.

அப்போதுதான் அவள் திரும்பினாள். என் தோளைப் பிடித்து முன்னால் நிறுத்தினாள். கூட்டம் ஒவ்வொருவராகத் திரும்பி எனக்கு வழி விட்டது. வழியின் முடிவில், கிணற்றுப் படியில், அம்மா உட்கார்ந்திருந்தாள். இடுப்புவரை நனைந்திருந்தாள். இரண்டு பெண்கள் அவளைத் தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

நடந்ததைப் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். மில்லில் கரண்ட் போய், ஷிப்ட் முடிவதற்கு முன்பே எல்லோரையும் அனுப்பியிருக்கிறார்கள். அம்மா வந்து பூட்டைத் திறந்திருக்கிறாள். வீட்டில் யாரும் இல்லை. தெருவில் தேடவில்லை, அக்கம்பக்கத்தில் கேட்கவில்லை, கண்மாய்ப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நேரே கிணற்றுக்கு ஓடியிருக்கிறாள். அவளைப் பார்த்து ஊரும் ஓடியிருக்கிறது. நீச்சல் தெரியாதவள் படி இறங்கித் தண்ணீருக்குள் போகப் பார்த்திருக்கிறாள்.

என்னைப் பார்த்ததும் அவள் கத்தவில்லை. அடிக்கவில்லை. எழுந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள். என்னை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். அத்தை மகள் தூரத்தில் தலையைக் குனிந்துகொண்டு பின்னாலேயே வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அடுப்பைப் பற்றவைத்தாள். ஈரச்சேலையிலிருந்து தண்ணீர் சொட்டித் தரையெல்லாம் நனைந்தது. சோறு வடித்தாள். பருப்பைக் கடைந்து ஊற்றி, நெய்யை விட்டுப் பிசைந்து, என் எதிரே குந்தி உட்கார்ந்து ஊட்ட ஆரம்பித்தாள். உருண்டை என் வாய்க்கு வருவதற்குள் பாதிச் சோறு சிந்தியது. சிந்தியதற்கும் சேர்த்து அடுத்ததைப் பெரிதாக உருட்டினாள். எனக்குப் பசி அடங்கி வெகுநேரம் ஆகியிருந்தது. வாயைத் திறந்தால் அம்மாவுக்குப் பிடிக்கும் என்று தெரிந்ததால் திறந்துகொண்டே இருந்தேன்.

வாசலில் நின்ற பெரியம்மாவுக்குப் பொறுக்கவில்லை. “ஏட்டி, போதும்டி. பிள்ளைக்குக் கண்ணு சொருகுது. நீ மொதல்ல சேலைய மாத்து.”

அம்மா உருட்டிய சோற்றைக் கையில் வைத்தபடியே அவளைப் பார்த்தாள்.

“அவனத் தூக்கிட்டு வந்தப்ப அங்கன நின்ன பொம்பளைய என்ன சொன்னாவ, மறந்துட்டியாக்கா? பிள்ளை கையில சத்தே இல்ல. செத்த நேரம் படியப் பிடிச்சுத் தொங்கியிருந்தான்னா ஆளு வந்திருக்கும்னு சொன்னாவல்ல? எம் மொகத்தப் பாத்துத்தான சொன்னாவ?”

“எவளோ வாய்க்கு வந்ததச் சொல்லிட்டுப் போனா. அதப் போயி இன்னும் நெனச்சுக்கிட்டு…”

அம்மா என் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் அத்தை மகளை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். பை நிறைய முறுக்கும் உருண்டையும் கொடுத்துத்தான் அனுப்பினாள் அம்மா. அடுத்த வார விடுமுறைக்கு வந்த அப்பா பின்கட்டுச் சுவரை உயர்த்திக் கட்டினார். தீபாவளிக்கு டிவிப் பெட்டி வந்தது. எங்கள் தெருவில் அதுதான் முதல். இனிமேல் பிள்ளைக்கு வெளியே என்ன வேலை என்று எல்லோரும் சொன்னார்கள். அடுத்த வருஷமே, கூடப் படித்தவர்கள் எல்லோரும் சிறுபிள்ளைகளாக இருக்கும்போதே, பெரியவளாகிவிட்டேன். அதற்குப் பிறகு பூட்டுக்குப் புதிதாகக் காரணம் எதுவும் தேவைப்படவில்லை.

கல்லூரிக்குப் போன வருஷம் சர்க்கரை என்று சொல்லிவிட்டார்கள். ராஜபாளையத்தில் ஒரு டாக்டர், சின்ன வயதில் சாப்பாடு எப்படி என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா பெருமையாக ஆரம்பித்தாள். “நல்லாச் சாப்பிடுவா சார். பசின்னு ஒரு வார்த்தை அவ வாயில வரவிட்டதில்ல. நான் வேலைக்குப் போனாக்கூட எல்லாத்தையும் பக்கத்துலயே…” அந்த இடத்தில் நிறுத்திவிட்டாள். டாக்டர் குனிந்து மருந்து எழுதிக்கொண்டிருந்தார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தேன். திரும்பி வரும் பஸ்ஸில் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, இறங்குகிறவரை விடவில்லை.

கிணற்றடியிலிருந்து திரும்பிய அன்று சாயங்காலம் இது எதுவும் எனக்குத் தெரியாது. பெரியம்மாவிடம் அம்மா பேசியது என் காதில் விழுந்தது. யாரைப் பற்றி என்றுகூட விளங்கவில்லை. எனக்கு விளங்கியது ஒன்றுதான். இவ்வளவு பெரிய தப்பைச் செய்துவிட்டு வந்தும் அம்மா என்னை அடிக்கவில்லை. நெய்ச்சோறு பிசைந்து ஊட்டுகிறாள். அப்படியென்றால் நான் வெளியே போய் வந்ததில் அவளுக்கும் உள்ளுக்குள் சந்தோஷம்தான். கால் இரண்டும் வலித்தாலும் நாளைக்கு எந்தக் கோட்டில் நிற்கலாம் என்று யோசனை ஓடிக்கொண்டிருந்தது. வாய் நிறையச் சோற்றோடு கேட்டேன்.

“நாளைக்கும் போகட்டாம்மா?”

அம்மா தட்டைப் பார்த்துக் குனிந்தாள். மீதியிருந்த சோற்றையெல்லாம் ஒன்றுசேர்த்து, பெரிதாக உருட்டி என் வாய்க்கு நேரே நீட்டினாள். சரி என்று சொல்கிறாள் என்று நினைத்து, வாங்கிக்கொண்டேன்.