கேள்வி சொல்லித் தராத டீச்சர்

அம்மா கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உட்பக்கமாகத்தான் கட்டுவார். நேரம் பார்க்க வேண்டுமென்றால் உள்ளங்கை மேலே வருமாறு கையைத் திருப்ப வேண்டும். பார்ப்பதற்குப் பிச்சை கேட்பதுபோல இருக்கும், ஆனால் அவர் யாரிடமும் எதையும் கேட்டவர் இல்லை. பள்ளிக்கூடத்தில் டீச்சர் அவர். வகுப்பில் ஒரு பிள்ளை பதில் தெரியாமல் நின்றால் திட்டமாட்டார், பிரம்பெடுக்கமாட்டார். கையைத் திருப்பி ஒரு தரம் கடிகாரத்தைப் பார்ப்பார். அந்தப் பிள்ளைக்கான நேரம் முடிந்தது என்று அர்த்தம். கேள்வி அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். திருவண்ணாமலையில் அந்தப் பார்வையை வாங்கியவர்கள் ஏராளம். ஏதோ ஆசீர்வாதம் வாங்கினதுபோல அதை இப்போதும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். யாராவது ஆரம்பித்தால் நான் எழுந்து போய்விடுவேன்.

அம்மா லுத்தரன் சபைக்காரி. விடியற்காலையில் முக்காடு போட்டு முழங்காலில் நின்றால், ஐயர் வீட்டில் ஆரம்பித்துப் பள்ளிக்கூட வாட்ச்மேன் வரைக்கும் பெயர் சொல்லி ஜெபித்துவிட்டுத்தான் எழுவார். போதகரை எங்கள் சபையில் ஐயர் என்றுதான் சொல்வோம். கடைசியில் என் முறை வரும். நான் பாயில் விழித்துக்கொண்டு கிடப்பேன் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். "ஆண்டவரே, இந்தப் புள்ளையோட பயத்த எடுத்துப்போடும், அது நாக்க அவுத்துவிடும்" என்பார், எனக்குக் கேட்கிற அளவுக்கு. ஆண்டவருக்குச் சொல்ல அத்தனை சத்தம் தேவையில்லை. கார்த்திகை தீபத்தன்று ஊரே மலையைப் பார்த்து நிற்கும்போது எங்கள் வீட்டில் மலைப்பக்கத்து ஜன்னலைச் சாத்திவிடுவார். கொக்கி சரியாக மாட்டியிருக்கிறதா என்று திரும்பத் திரும்ப எழுந்து போய்ப் பார்ப்பேன் நான். எதற்குப் பயம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அம்மா கேட்டதும் இல்லை, ஜெபித்ததோடு சரி.

எங்கள் சபையில் திடப்படுத்தல் என்று ஒரு சடங்கு உண்டு. பதினாலு, பதினஞ்சு வயசுப் பிள்ளைகள் ஞானோபதேசக் கேள்வி பதில்களை மனப்பாடம் செய்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுச் சபைக்கும் முன்னால் நின்று ஒப்பிக்க வேண்டும். ஒப்பித்தால்தான் ஐயர் தலையில் கைவைப்பார். கைவைத்தால்தான் பெரியவர்களோடு பீடத்தண்டை போய் முழங்கால் போட்டுத் திருவிருந்து அப்பமும் திராட்சரசமும் வாங்கலாம். இது வெளியே சொல்கிற கதை. உள்ளே நடப்பது வேறு. முந்தின நாள் சனிக்கிழமை வகுப்பில் டீச்சர் ஒவ்வொரு பிள்ளையையும் தனியாகக் கூப்பிட்டு, "நாளைக்கு உனக்கு இந்தக் கேள்வி" என்று காதில் சொல்லிவிடுவார். பிள்ளை அந்த ஒன்றை மட்டும் உருப்போட்டுக்கொண்டு வந்து மறுநாள் கணீரென்று சொல்லும். பெற்றவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அவர்களும் அப்படி ஒப்பித்தவர்கள்தான், ஆனால் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். பல வருஷமாக அந்த வகுப்பை எடுத்தவர் என் அம்மா.

என் முறை வந்த வருஷமும் எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னார். என்னைக் கூப்பிடவில்லை. மறந்துவிட்டாரோ என்று வீட்டுக்கு வந்து அடுப்பங்கரையில் போய்க் கேட்டேன்.

"உனக்குச் சொல்லமாட்டேன். டீச்சர் பொண்ணுக்கு முன்னாடியே சொல்லிக் குடுத்துட்டாங்கன்னு ஒருத்தர் பேசக் கூடாது. எல்லாத்தையும் படிச்சுக்கோ."

சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா தலையைத் தூக்கினார். "எல்லாப் புள்ளைக்குந்தானே சொல்றே, இதுக்கும் ஒரு வார்த்த சொன்னா இன்னா கொறஞ்சிடும்?"

"எம் பேரு கொறஞ்சிடும்" என்றார் அம்மா. அப்பா ரசத்தை ஊற்றிக்கொண்டார்.

எனக்கு எல்லாக் கேள்விக்கும் பதில் தெரியும். பயந்தவர்கள் எப்போதும் எல்லாவற்றையும் படித்துவிடுவார்கள். மறுநாள் வெள்ளைத் தாவணி, வெள்ளை முக்காட்டோடு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற பையனுக்கு நாலாம் வாய்ப்பாடே தகராறு. அவன் ஞானஸ்நானத்தைப் பற்றிய நீளமான பதிலை மூச்சு விடாமல் சொல்லி முடித்தான். சபை பூரித்தது. அடுத்து அம்மா என்னைப் பார்த்து, "நம்மை உண்டாக்கினவர் யார்?" என்றார். ஞாயிறு பள்ளியில் மூக்கொழுகுகிற குழந்தை சொல்லும் பதில், ஒரே வார்த்தை. என் நாக்கு மேலே போய் ஒட்டிக்கொண்டது. அவர் முகத்தைப் பார்த்தேன், அது வகுப்பில் பார்க்கிற முகமாகவே இருந்தது.

ஐயருக்கே மனசு கேட்கவில்லை. "பயந்துருக்கு டீச்சர், இன்னொரு தரம் கேளுங்க" என்றார்.

அம்மா கையைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தார். "வேணாங்க ஐயா. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

ஆராதனை முடிந்து வாசலில் அம்மாவைச் சுற்றிக் கூட்டம். "சொந்தப் புள்ளைன்னுகூடப் பாக்கலியே, இதாம்மா நேர்மை" என்று ஆளாளுக்குக் கையைப் பிடித்துக்கொண்டார்கள். பொய்யாக ஒப்பித்த பிள்ளைகளின் பெற்றோர்தான் ஜாஸ்தி சத்தமாகப் பாராட்டினார்கள். அம்மா தலையைக் குனிந்து, "எல்லாம் கர்த்தருடைய கிருபை" என்றார். அந்தக் கிருபைக்குப் பக்கத்திலேயே வெள்ளைத் தாவணியோடு நான் நின்றுகொண்டிருந்தேன்.

அடுத்த வருஷம் ஒப்பிக்க நான் போகவில்லை. பள்ளிக்கூடத்திலும் அதே டீச்சர், அதே பிள்ளைகள். காலையில் பள்ளிக்கூட வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்துவிடுவேன். ஒன்பதாவதோடு நின்றேன். ஊரார் பிள்ளைகள் சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்து படித்துத் தேறினார்கள், நான் அவர்களுக்கு டீ ஊற்றினேன். இப்போது ஒரு லாட்ஜில் படுக்கை விரிப்பு மாற்றுகிற வேலை. கிரிவலத்துக்கு வந்தவர்கள் காலி செய்துவிட்டுப் போன பிறகு, ஒவ்வொரு அறையிலும் குழாய் மூடியிருக்கிறதா என்று பார்ப்பேன். பூட்டிவிட்டுத் திரும்ப வந்தும் பார்ப்பேன்.

அம்மா படுக்கையில் விழுந்தபோது, அவர் நேர்மையைப் பாராட்டியவர்கள் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து ஜெபித்துவிட்டுப் போனார்கள். பீ, மூத்திரம் அள்ளியவள் நான். ஒரு நாள் புது ஐயர் எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவுக்குத் திருவிருந்து கொடுத்தார். எனக்குப் பங்கில்லை, அடுப்பங்கரையில் நின்றேன். ஐயர் போன பிறகு அம்மா கூரையைப் பார்த்தபடி சொன்னார்: "ரொம்ப சுலபமானதாத்தான் உனக்குன்னு எடுத்து வச்சிருந்தேன்."

மீன் குழம்பில் நடுத்துண்டை எடுத்து வைத்ததுபோலச் சொன்னார். ஆக, அவரும் எனக்காகத் தில்லுமுல்லு செய்திருக்கிறார், ஒருவருக்கும் தெரியாமல், எனக்கே தெரியாமல். பேரும் வேண்டும், பெண்ணும் வேண்டும். இரண்டும் சேர்ந்து கிடைக்காது என்றானபோது போனது பெண். "கஞ்சி ஆறுது, வாயத் தொறங்க" என்றேன்.

அம்மா போய்ச் சேர்ந்தாயிற்று. போன மாதம் சபைச் செயலாளர் போன் செய்தார். அம்மாவின் படத்தைச் சபை மண்டபத்தில் மாட்டப் போகிறார்களாம், நான் திறந்துவைக்க வேண்டுமாம். நாலாம் வாய்ப்பாடு தெரியாத அந்தப் பையன்தான் இன்றைய செயலாளர்.

"ரெண்டு வார்த்த பேசும்மா. அந்தத் திடப்படுத்தல் கதைய உன் வாயாலயே சொல்லு, சபையே அழுதுடும். 'அன்னைக்கு அப்படிச் செஞ்சதாலதான் நான் இன்னைக்கு நல்லா இருக்கேன்'னு முடி. டீச்சர் பொருள் எதனா இருந்தாலும் எடுத்துட்டு வா."

முன்கூட்டியே பதிலைச் சொல்லித் தந்துவிட்டார். நாற்பது வருஷம் தாமதம்.

கடிகாரம்தான் என்னிடம் இருந்தது. சாவி கொடுத்தால் இன்னும் ஓடுகிறது. வேங்கிக்கால் பஸ் கூட்டத்தில் பையிலிருந்து யாராவது எடுத்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்து, கையில் கட்டிக்கொண்டேன். கண்ணாடி எதிலும் இடித்துவிடக் கூடாதே என்று உட்பக்கமாக.

படத்தின் துணியை விலக்கி மைக்கை வாங்கினேன். நாக்கு பழையபடி மேலே போய் ஒட்டிக்கொண்டது. முன்வரிசையில் செயலாளர் சொல்லு சொல்லு என்று தலையாட்டினார். மறந்துவிட்டேன் என்று நினைத்து, எனக்காக உதட்டை அசைத்தும் காட்டினார். அந்த உதட்டைப் பார்த்ததும் நாக்கு கழன்றது.

"அண்ணே, ஞானஸ்நானத்தால வர்ற பிரயோஜனம் இன்னா?"

மனிதர் சடக்கென்று எழுந்து கையைக் கட்டிக்கொண்டு, பையன் குரலில் ராகம் போட்டு முழுவதையும் ஒப்பித்தார். ஒரு எழுத்து பிசகவில்லை. சபை கைதட்டியது.

"பாத்தீங்களா, டீச்சர் சொல்லிக் குடுத்தது மறக்குமா?" என்று சபையைப் பார்த்தார்.

"வேற கேள்வி எதனா தெரியுமாண்ணே?"

சிரித்தார். "எனக்கு அது ஒண்ணுதானம்மா. சனிக்கிழமையே காதுல சொல்லிட்டாங்களே."

கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டது. வயசான அம்மாக்கள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டார்கள்.

"எல்லாருக்கும் சொன்னாங்க. எனக்கு மட்டும் ஏன் சொல்லலண்ணே?"

 படத்தைப் பார்த்தார், ஐயரைப் பார்த்தார்.  இன்னும் கொஞ்ச நேரம் கொடுத்திருக்கலாம். நான் கையைத் திருப்பி ஒரு தரம் கடிகாரத்தைப் பார்த்தேன்.

"சரி, அடுத்தவங்க பேசுங்க" என்று மைக்கை நீட்டினேன்.