லாரியில் ஏறி வந்தவள்

அப்பாவின் பழைய டீசல் லாரியில் ஒருத்தி ஏறி வந்துவிட்டாள் என்று எங்கள் தெருவே நம்பியது. நான் ஒரு படி மேலே போய், அவள் என்ன நிறத்தில் புடவை கட்டியிருப்பாள் என்பதுவரை முடிவு செய்துவைத்திருந்தேன்.

சென்னையில் சரக்கு இறக்கிவிட்டுத் திரும்பும்போது, விடியப்போகிற நேரத்தில், எங்கள் ஊருக்குக் கொஞ்சம் முன்னால், பிள்ளைச்சாவடி அருகே ஒரு பெண் சாலையின் குறுக்கே வந்தாளாம். அப்பா ஸ்டியரிங்கை ஒடித்ததில் லாரி சவுக்குத் தோப்புக்குள் போய் நின்றது. இறங்கிப் பார்த்தால் யாரும் இல்லை. மணலில் ஒரு காலடித் தடம்கூட இல்லை.

அதற்கப்புறம் போகப்போக லாரி கிளம்ப மறுத்தது. முதலியார்பேட்டை வீட்டு வாசலில் காலையில் சாவியைத் திருப்பினால் இன்ஜின் சுற்றாமல் ஊ...ம், ஊ...ம் என்று முனகும். பாரம் தூக்க மாட்டாமல் யாரோ முக்குவது போல இருக்கும். முகப்பு விளக்கு மட்டும் துளியும் மங்காமல் எங்களையே பார்த்துக்கொண்டிருக்கும். எனக்குப் பயமாக இருக்கும். ஆனால் ஜன்னலை விட்டு நகரவும் மாட்டேன்.

லாரி தோப்புக்குள் போன நாளிலிருந்தே அம்மா செவ்வாய், வெள்ளி என்று பாராமல் சொம்பில் கல்லுப்பைக் கரைத்து லாரிக்குத் திருஷ்டி கழித்தாள். மீதித் தண்ணீரை இன்ஜின் பக்கம் குனிந்து எங்கோ ஊற்றுவாள். ஊற்றி முடிக்கும்வரை என்னைக் கிட்டே விட மாட்டாள். கழிக்கக் கழிக்க முனகல் கூடியதுதான் மிச்சம். லோடு கொடுத்துவந்த சேதராப்பட்டு கம்பெனிக்காரர் வேறு வண்டி பார்க்கப்போவதாகச் சொல்லிவிட்டார். அது போனால் லாரியை விற்க வேண்டியதுதான். ராத்திரி பகல் பாராமல் ஓட்டி அப்பா காப்பாற்றிவந்த வண்டி அது. அவருக்குச் சோற்றில் கை வைத்தபடியே கண் சொருகிப்போகும். நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். அம்மா சிரித்ததில்லை.

கடைசியில் மாமா வந்தார். அம்மாவின் தம்பி; பேட்டரிக் கடை வைத்திருந்தார். பேய் வந்தாலும் அதன் தலையில் ஒரு பேட்டரியைக் கட்டிவிடுவான் என்று அப்பா அவரைக் கேலி செய்வார்.

மாமா, அப்பாவைச் சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு விளக்கையே பார்த்தார். "லைட்டு மங்கல. பேட்டரில ஒண்ணும் கொறை இல்ல" என்றார். பிறகு குனிந்து, இன்ஜினிலிருந்து வண்டியின் சட்டத்துக்குப் போகும் எர்த் பட்டையைத் தொட்டவர் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். அந்தக் குளிர்ந்த காலையில் அது கொதித்துக்கொண்டிருந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அவள் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள்!

மாமா தடிமனான வயர் ஒன்றை எடுத்து, பேட்டரி மைனஸிலிருந்து நேராக இன்ஜினில் கவ்வவிட்டார். அப்பா சாவியைத் திருப்பியதுதான் தாமதம், லாரி உறுமிக்கொண்டு கிளம்பியது.

பட்டையைக் கழற்றியபோது அதன் போல்ட் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்து அரித்துப்போயிருந்தது.

"உப்பு. கரண்டு திரும்பிப் போக வழி இல்ல, அதான் இன்ஜினச் சுத்திவிடுற செல்ஃபு மோட்டாரு மொனகுது" என்றார் மாமா. பிறகு அம்மாவைப் பார்த்தார். "ஏங்க்கா, மேல தெளிச்ச தண்ணி இந்த ஒரு போல்ட்ல மட்டும் எப்படி எறங்கும்?"

"பேயும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல" என்று அப்பா சிரித்தார். மாமா துருவைச் சுரண்டிப் புதுப் பட்டை போட்டு முடித்ததும் நான் கைதட்டிக் குதித்தேன். அம்மா மட்டும் அவரிடம், "உன்ன யாருடா இங்க வரச் சொன்னது?" என்றாள். வந்த தம்பிக்கு ஒரு வாய் காபிகூடக் கொடுக்கவில்லை.

மறுநாள் விடியலில் லாரி முனகாமல் கிளம்பியது. அம்மா அதன் கதவைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள்.

"திரும்பி வரும்போது பிள்ளைச்சாவடிக்கு முன்னாடியே வண்டிய ஓரங்கட்டுங்க. எறங்கி மூஞ்சியக் கழுவிட்டு வாங்க. எம்மேல சத்தியம் பண்ணுங்க."

லாரி கண்ணிலிருந்து மறைந்த பிறகும் அவள் தெருமுனையிலேயே நின்றாள்.

முகம் கழுவியவர்களைப் பேய் அண்டாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அன்று பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு மணி அடித்தபோதும் குழாயடிக்கு ஓடி, முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தேன்.