பொன்னுதாஸ் பார்க்காத விடியற்காலை

காரக்கோணத்துக்குக் கிழக்கே, மோகனன் முதலாளியின் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுவது பொன்னுதாஸ்தான். வெயில் ஏறினால் மரத்தில் பால் வற்றிவிடும். அதனால் ஊர் விழிக்கும் முன்பே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். நல்ல உழைப்பாளி, குடி கிடையாது, மகள் டீனா என்றால் உயிர். ஆனால் எதையும் கண்ணால் பார்க்காமல் நம்பமாட்டார். அங்கேதான் வந்தது வினை.

டீனாவுக்கு ஆஸ்துமா. அந்த நோய்க்கு ஒரு பொல்லாத குணம் உண்டு. விடியற்காலையில் நெஞ்சை இறுக்கிப் பிடிக்கும். உச்சிப்பொழுதில் ஒன்றும் அறியாததுபோல் விட்டுவிடும். பொன்னுதாஸ் வீடு திரும்பும்போது பிள்ளை முற்றத்தில் கட்டம் கீறிப் பாண்டி ஆடிக்கொண்டிருப்பாள்.

"காலத்த அவ மூச்சுக்குக் கிடந்து பெடைக்கியத ஒரு நாளு நிண்ணு பாருங்க," என்பாள் மனைவி ரத்னபாய்.

"நீ சும்மா பயப்படுத. பள்ளிக்கூடம் போவ மடியாக்கும் அவளுக்கு. இப்பம் பாரு, என்னா சாட்டம் சாடுதா!"

ஆஸ்பத்திரிக்கும் வேலை முடிந்து பிற்பகலில்தான் கூட்டிப்போனார். டாக்டர் மூச்சின் வேகத்தை அளக்கும் ஒரு குழாயைக் கொடுத்து ஊதச் சொன்னார். முள் நன்றாகவே ஏறியது. இந்த நேரத்தில் ஏறத்தான் செய்யும், விடியற்காலையில் இறங்கிவிடும், வாயில் வைத்து இழுக்கும் மருந்துப் பம்பை ஒரு நாளும் நிறுத்தக்கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். பொன்னுதாஸ் முள் ஏறியதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டார். பம்ப் பழகினால் ஆயுசுக்கும் விடாது என்று டீக்கடையில் யாரோ சொன்னது வேறு. தீர்ந்ததும் புதிது வாங்கவில்லை. கஞ்சத்தனத்தால் அல்ல, மகள்மேல் வைத்த பாசத்தால். அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

கிறிஸ்துமஸ் கழிந்த வாரம், நல்ல குளிர். விடியும் முன்பே ரத்னபாய் திரும்பத் திரும்பப் போன் அடித்தாள். போன் பைக்கில் தொங்கிய சட்டைப் பையில் கிடந்தது. பொன்னுதாஸ் மேட்டில், மரங்களுக்கு நடுவே. பக்கத்து வீட்டுப் பொன்னப்பனின் ஆட்டோ ஆஸ்பத்திரி வாசலை எட்டும் முன்பே டீனாவின் மூச்சு நின்றுவிட்டது. தகப்பன் ஓடி வந்தபோது கையெல்லாம் ரப்பர் பால். அந்தக் கையால் பிள்ளையைத் தொடத் தயங்கி நின்றார், பாவி மனுஷன்.

ரத்னபாய் அவரை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தாங்கியிருப்பார்.

இப்போது அவர் வெயில் வந்த பிறகுதான் தோட்டத்துக்குப் போகிறார். மரத்தில் கட்டிய சிரட்டையில் பாதிப் பால்கூட விழுவதில்லை. முதலாளி ஒருநாள் பொறுக்கமுடியாமல் கேட்டுவிட்டார்.

"பொன்னுதாஸே, காலத்த வந்தா என்ன? பிள்ளையும் போயாச்சு. வீட்டில இனி என்ன சோலி?"

பொன்னுதாஸ் வெட்டுக்கத்தியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"அந்த நேரமானா ரத்னபாய் ஞெட்டி எந்திச்சு, பிள்ளைக்க கட்டிலுக்க பக்கத்தில போயி காது குடுத்துட்டு இருப்பா, மொதலாளி. இம்பிடு காலமும் ஒத்தைக்குத்தானே இருந்தா. இனியாவது நான் கூட இருக்கணும்."