ஒரேஸ்தே சாகும்போது சொன்னது

மட்டமான சரித்திரப் படம் என்று யாராவது கேலி செய்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கள் ரோம் நகரத்துக் கொத்தனார் ஒரேஸ்தே அந்தப் படங்களில்தான் செத்துச் செத்துப் பிழைத்தார். காலையில் ரோமானியச் சிப்பாய், மாலையில் எகிப்துக்காரன்.

அங்கே யாரும் வசனம் மனப்பாடம் செய்வதில்லை. பிறகு வேறு ஆள் குரல் கொடுப்பார். கேமரா முன்னால் வாய் அசைந்தால் போதும். கதாநாயகர்களே ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவார்கள்.

ஒரு படத்தில் ஒரேஸ்தேவுக்கு முகம் திரை முழுக்கத் தெரிகிற சாவு கிடைத்தது. அது எங்கள் பேட்டைக் கொட்டகைக்கு வந்ததும் அவரோடும் அவர் மனைவி எர்சிலியாவோடும் போனேன். போரில் குண்டு விழுந்து காது போனவள் அவள். உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வாள்.

திரையில் ஒரேஸ்தே, "ரோமாபுரி வாழ்க!" என்று முழங்கிச் செத்தார். எல்லோரும் கைதட்டினார்கள். எர்சிலியா மட்டும் தேம்பித் தேம்பி அழுதாள்.

வெளியே எதிர்வீட்டு லத்தீன் வாத்தியார் பொரிந்து தள்ளினார். "ஹானிபாலுக்கும் கிளியோபாத்ராவுக்கும் கல்யாணமாம்! நடுவுல நூறு வருஷத்துக்கு மேல இருக்கு. ஒரு வார்த்தையாவது நெசமா இதுல?"

அவர் உதட்டையே பார்த்திருந்த எர்சிலியா சொன்னாள்: "இருந்துச்சே வாத்தியாரே. 'எர்சிலியா, தட்டைத் தூக்கி எறிஞ்சது என் தப்புதான்'னு இவரு சொன்னாரே. இருபது வருஷத்துல இப்பதான் அது இந்த வாயில வந்திருக்கு."

ஒரேஸ்தே தரையைப் பார்த்தார். அவள் அவர் முகவாயைப் பிடித்து நிமிர்த்தினாள்.

"ஏன்யா, அடுத்து எந்தப் படத்துல சாகப்போறே? உங்கம்மா விஷயம் இன்னும் பாக்கி இருக்கு."